வாதுமைச் சென்ட்: தோற்றமும் வளர்ச்சியும் துவைத்தும் போகாமையும்

ஆய்வின் தேவை

தேவை ஏதுமில்லை. தேவையில்லாத ஆய்வுக்குத்தான் நெறியாளர் சுலபமாகக் கிடைக்கிறார் என்பதால் இது மேற்கொள்ளப்பட்டது.

சங்க இலக்கியத்தில் வாதுமைச் சென்ட்

இல்லை.

ஆனாலும் இந்த இயல் இருந்தாக வேண்டும். தமிழில் குக்கர் விசிலைப் பற்றி ஆய்வேடு எழுதினாலும் இரண்டாம் இயல் சங்க இலக்கியம்தான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். இந்தச் சென்டுக்கு உயிராகிய ஹீலியோட்ரோப் பூ அவற்றில் இல்லை. இருக்கவும் வழியில்லை. அது தென்னமெரிக்காவின் பெரு நாட்டுச் செடி. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜோசப் த ஜூசியூ விதை அனுப்பிய பிறகுதான் அதைப் பாரிஸ் தோட்டங்களே பார்த்தன. இவ்வளவையும் மூன்று வரியில் சொல்லிவிட்டு நகர்வது ஆய்வு மரபுக்கு அடாது. "குறிஞ்சிப்பாட்டில் ஹீலியோட்ரோப்பின் இன்மை: ஒரு பன்முக நோக்கு" என்று தலைப்பிட்டு, பதிவுக் கட்டணம் செலுத்திய ரசீதையும் இணைத்து அனுப்பினால், பன்னாட்டுக் கருத்தரங்கக் கோவையில் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு இடம் நிச்சயம். பன்னாடு என்பது இங்கே, இணையவழியில் சேர்ந்து, ஒலி கேட்காமல் பாதியில் வெளியேறிய வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரைக் குறிக்கும்.

ஹீலியோட்ரோப்பின் பங்காளி ஒன்று தமிழ்நாட்டு வாய்க்கால் ஓரங்களில் தானே முளைத்துக் கிடக்கிறது. தேள்கொடுக்குச் செடி. பூங்கொத்து தேளின் வாலைப்போலச் சுருண்டிருக்கும். பாரிஸ்காரர்கள் தேடும் மணம் மட்டும் அதனிடம் இல்லை. பூர்வீகச் சொத்து ஒரே பங்காளிக்குப் போய்ச் சேர்வது நம் ஊருக்குப் புதிதல்ல.

கருதுகோள்

வாதுமைச் சென்டில் வாதுமை கிடையாது. அதன் பவுடர் வாசனையில் பவுடரும் கிடையாது. இரண்டும் இல்லாத பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர், அது எதன் மணம் என்று அடுத்தவரிடம் சண்டை பிடிப்பது ஏன் என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

எந்த வாதுமை?

கல்யாண வீட்டு பாதாம் கீர் குடித்துப் பழகிய மூக்கோடு பாரிஸ் பாட்டிலைத் திறப்பவர் திகைத்துப்போவார். பாதாம் கீரில் மணப்பவை ஏலக்காயும் குங்குமப்பூவும். நாம் ஊறவைத்துத் தோலுரித்துத் தின்னும் இனிப்பு வாதுமைக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மணம் கிடையாது. ஐயமுள்ளவர் குழந்தைக்குத் தேய்க்கும் பாதாம் எண்ணெயை முகர்ந்து பார்க்கலாம். எண்ணெய் வாசனைதான் வரும்.

சென்ட்காரர்கள் வாதுமை என்பது கசப்பு வாதுமையை. அதில் அமிக்டலின் என்றொரு பொருள் இருக்கிறது. 1830இல் ரொபிகே, பூத்ரோன்-ஷார்லார் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். பருப்பை நசுக்கித் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள நொதி அமிக்டலினை மூன்றாக உடைக்கும்: குளுக்கோஸ், பென்சால்டிகைடு, ஐதரசன் சயனைடு. முதலாவது நாக்குக்கு, இரண்டாவது மூக்குக்கு, மூன்றாவது போலீஸ் விசாரணைக்கு.

இரண்டாவதுதான் நம் ஆய்வுப்பொருள். 1832இல் ஃபிரீட்ரிஷ் வோலர் மனைவியை இழந்து உடைந்திருந்தபோது, நண்பர் யூஸ்டுஸ் லீபிக் அவரைக் கீசென் நகருக்கு அழைத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்தார்கள். அதை என்ன செய்தாலும், எதனோடு வினைபுரிய வைத்தாலும், அணுக்கூட்டம் ஒன்று குலையாமல் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குக் குடிபெயர்வதைக் கண்டார்கள். கரிம வேதியியலுக்கு அடித்தளமிட்ட கட்டுரைகளில் அது ஒன்று. இதில் நகைச்சுவைக்கு இடமில்லை. ஆகவே ஆய்வாளர் இங்கே மரியாதையாகத் தலை வணங்கிவிட்டு மேலே போகிறார்.

அதற்குப் பிறகு வாதுமை மணத்துக்கு வாதுமையே வேண்டாம் என்றாகிவிட்டது. கடையில் 'கசப்பு வாதுமை எண்ணெய்' என்று விற்பதில் பெரும்பகுதி ஆப்ரிகாட் கொட்டையிலிருந்து வருவது. சயனைடை நீக்கிவிட்டுத்தான் அது விற்பனைக்கு வரும். லவங்கப்பட்டையின் உறவான காசியா எண்ணெயிலிருந்தும் அதே பென்சால்டிகைடைச் செய்யலாம். பெட்ரோலியத்தில் கிடைக்கும் டொலுயீனிலிருந்தும் செய்யலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சோப்புக்காரர்கள் இன்னும் ஒருபடி கீழே இறங்கி நைட்ரோபென்சீனை வாங்கினார்கள். 'மிர்பேன் எண்ணெய்' என்று அதற்கு அழகான பெயரும் வைத்தார்கள். மணம் கிட்டத்தட்ட வாதுமை, விலை மலிவு, குணம் நஞ்சு. சாய ஆலைகள் அதே சரக்கிலிருந்துதான் அனிலீன் தயாரித்தன.

பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பாதாம் மரம்

அது நாட்டு வாதுமை. வேறு குடும்பம், வேறு மரம். அடுத்த இயலுக்குப் போகலாம்.

மூக்கியலார் மோதல்

ஐதரசன் சயனைடில் மூன்றே அணுக்கள். பென்சால்டிகைடில் பதினான்கு. உருவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனாலும் இரண்டையும் முகர்ந்தவர்கள் கசப்பு வாதுமை என்றே சொல்கிறார்கள். மணம் என்பது மூலக்கூறின் வடிவத்தால் வருகிறது என்போர் ஒரு கட்சி. மூலக்கூறின் அதிர்வால் வருகிறது என்று 1996இல் லூக்கா டூரின் எடுத்துச் சொன்னது இன்னொரு கட்சி. மூக்கிலுள்ள மண ஏற்பிகளைக் கண்டுபிடித்த லிண்டா பக்குக்கும் ரிச்சர்ட் ஆக்செலுக்கும் 2004இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். சண்டை ஓயவில்லை. அறிஞர்கள் முகர்வதற்குச் செலவிட்டதைவிட முறைத்துக்கொள்வதற்குச் செலவிட்ட நேரமே அதிகம் என்பது ஆய்வாளரின் பணிவான ஐயம்.

1953இல் 'நேச்சர்' இதழில் கிர்க், ஸ்டென்ஹவுஸ் இருவரும் எழுதிய கட்டுரை இன்னொரு குண்டைப் போட்டது. சயனைடின் மணம் எல்லார் மூக்குக்கும் எட்டுவதில்லை, அந்தத் திறமை பரம்பரை சார்ந்தது என்பது அதன் சாரம். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் பிணத்தின் பக்கத்தில் குனிந்ததுமே "கசப்பு வாதுமை!" என்று கூவும் மேதைகள் அனைவரும் நல்ல பரம்பரையில் பிறந்திருக்க வேண்டும். அகாதா கிறிஸ்டியை இதில் குறை சொல்வதற்கில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் மருந்துக்கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். நஞ்சு அவருக்குத் தொழில்முறைப் பழக்கம்.

மிளகு இயல்

பென்சால்டிகைடு மட்டும் இருந்தால் அது கேக்குக்கு ஊற்றும் எசென்ஸ். அதை மிருதுவாக்கி, மாவாக்கி, கழுத்தில் பூசத்தக்கதாக ஆக்குவது ஹீலியோட்ரோபின். வேதியியலார் இதைப் பிப்பரோனால் என்பார்கள். வாதுமை, வனிலா, செர்ரி மூன்றையும் பவுடர் டப்பாவில் போட்டு மூடி வைத்தது போன்ற மணம். ஹீலியோட்ரோப் பூவின் மணமும் இந்தச் சாயலே என்பதால் அந்தப் பெயர்.

இது எங்கிருந்து வந்தது? மிளகிலிருந்து. 1819இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் மிளகின் காரத்துக்குக் காரணமான பிப்பரினைப் பிரித்தார். மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியை அசைப்பதை அடுத்த ஆண்டு கண்டுபிடித்த அதே ஓர்ஸ்டெட்தான். அரைநூற்றாண்டு கழித்து, 1869இல், ஜெர்மனியில் ஃபிட்டிக்கும் மீல்க்கும் பிப்பரினிலிருந்து கிடைத்த அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். வெளியே வந்தது பாரிஸ் சீமாட்டிகளின் கழுத்து மணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் கொடியேறி உலகுக்குப் போன மிளகுதான் இந்தச் சென்டுக்குப் பாட்டன் என்ற செய்தியை ஆய்வாளர் அத்தையிடம் தெரிவித்தபோது, அந்த மிளகை ரசத்திலேயே விட்டிருக்கலாம் என்று கருத்துரைக்கப்பட்டது (அத்தை, வாய்மொழி).

பிறகு மிளகை விட்டுவிட்டு சசாஃபிரஸ் எண்ணெயிலுள்ள சாஃப்ரோலிலிருந்து மலிவாகச் செய்யக் கற்றார்கள். விலை சரிந்தது. சோப்புக்கும் பவுடருக்கும் இறங்கி வந்தது. இதே பொருள் பிரிட்டனில் தலைப்பேன் விரட்டியாக விற்கப்பட்டதும் பதிவு செய்யத்தக்கது. போதை மாத்திரை செய்ய உதவும் மூலப்பொருள் என்பதால் ஐ.நா.வின் 1988ஆம் ஆண்டு உடன்படிக்கை இதைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருப்பதும் அப்படியே. காரம், கழுத்து, பேன், காவல்துறை என்று இத்தனை துறைகளைத் தொட்ட மூலக்கூறு வேறு இருந்தால் அறிஞர்கள் தெரிவிக்கலாம்.

பவுடர் இயல்

பவுடருக்கென்று தனி வாசனை கிடையாது. டால்க் என்பது ஒரு கல். கல்லை அரைத்தால் கல் மணம்கூட வராது. பவுடர் வாசனை என்று நாம் சொல்வது, பவுடரில் யாரோ என்றோ சேர்த்த வாசனை.

ஐரோப்பாவில் அந்த யாரோ முதலில் சேர்த்தது ஐரிஸ் கிழங்கு. ஃபிளாரன்ஸ் பக்கத்தில் தோண்டி, தோல் சீவி, வருடக்கணக்கில் காயப்போட்டால்தான் அதில் ஐரோன் என்னும் மணப்பொருள் கூடும். அரைத்த கிழங்குமாவை முகத்துக்கும் தலைக்கும் பொய்முடிக்கும் பூசினார்கள். 1893இல் டீமனும் குரூகரும் அந்தக் கிழங்கின் மணத்தைத் துரத்திப் போய் ஐயனோனைச் செய்து முடித்தார்கள். அது வயலட் பூவின் மணமாக அமைந்துவிட்டது. அன்று முதல் முகப்பவுடர் என்றால் ஐரிஸ், வயலட், ஹீலியோட்ரோபின், வனிலின், கூமரின், செயற்கைக் கஸ்தூரி என்று ஒரு கூட்டணி. தேர்தலுக்குத் தேர்தல் தலைமை மாறும், கூட்டணி மாறாது. நான்கு தலைமுறைப் பெண்கள் இதைப் பூசிப் பூசி, மூக்குக்கு இதுவே பவுடர் என்று பதிந்துபோனது.

தமிழ் மூக்குக்கும் இந்தப் பாடம் ஆகியிருக்கிறது. குளித்துவிட்டுக் கழுத்தில் திட்டுத்திட்டாக டால்க் தெரிய அலுவலகம் போகும் ஆண்கள் நிறைந்த நாடு இது. பவுடர் வாசனை பெண்களுக்குரியது என்று பாரிஸ் விளம்பரங்கள் சொல்வது இங்கே எடுபடாது. அவ்வகையில் சென்ட் உலகின் பாலின விவாதத்தில் தமிழகம் முன்னோடி. இதைக் கவனிக்காமல் விட்ட மேலை ஆய்வாளர்கள் மீது ஆய்வாளருக்கு மனவருத்தம் உண்டு.

மூலநூல்கள்

கெர்லான் நிறுவனத்தின் 'ஆப்ரே லோந்தே' (1906). மழைவிட்ட பின் என்று பொருள். ஜாக் கெர்லான் செய்தது. வயலட்டும் ஹீலியோட்ரோபினும் மெல்லிய சோம்பு வாடையும். மணக்கிறதா, மணந்ததாக நினைவா என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு அடக்கம். இந்தத் துறையின் தொல்காப்பியம் எனலாம். எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், பூசியவர் குறைவு.

'லெர் ப்ளூ' (1912). அதே ஜாக் கெர்லான், அதே ஹீலியோட்ரோபின், இம்முறை வனிலாவும் ஐரிஸும் சேர்ந்து கனம் கூடியது. 1919இல் வந்த 'மித்சுக்கோ'வுக்கும் இதற்கும் ஒரே வடிவப் பாட்டில். இரவில் விளக்கில்லாமல் எடுப்பவர் எச்சரிக்கை.

'ஹிப்னாட்டிக் பாய்சன்' (1998). டியோருக்காக அனிக் மெனார்டோ செய்தது. சிவப்புப் பாட்டில். கசப்பு வாதுமையை ஒளிக்காமல் மேடையேற்றி, பெயரிலேயே நஞ்சு வைத்து, வனிலாவைக் குடம் குடமாகக் கொட்டிய துணிச்சல். இன்று பாதிப்பேர் மனத்தில் வாதுமைச் சென்ட் என்றால் இதுவே. அடக்கம் என்பது இதற்குத் தெரியாது. அறைக்குள் ஆள் வருமுன் இது வந்து உட்கார்ந்துவிடும்.

பிராடாவின் 'ஆன்ஃப்யூசியோன் தமாந்த்' (2015). டானியேலா ஆந்த்ரியே. சலவை செய்து இஸ்திரி போட்ட வாதுமை.

டாம் ஃபோர்டின் 'லாஸ்ட் செர்ரி' (2018). செர்ரி மணமும் பென்சால்டிகைடுதான். பெயரை மாற்றினால் விலையும் மாறும்.

பசைக் கேள்வி

இனி வருவதே இவ்வாய்வின் இதயம். பொறுமையற்றோர் அடுத்த இயலுக்குத் தாவலாம். ஆனால் தாவியவர்கள் வாய்மொழித் தேர்வில் திணறினால் ஆய்வாளர் பொறுப்பல்ல.

இத்தாலியில் வோகெரா என்ற ஊரில் 1927 முதல் கொக்கோயினா என்றொரு பசை தயாராகிறது. அலுமினிய டப்பா. நடுவில் தூரிகை செருக ஒரு குழி. மாவுச்சத்தால் ஆன வெண்பசை. மூடியைத் திறந்தால் வாதுமை மணம். பிரான்சுக்கு 1930இல் கிளியோபாத்ர் பசை வந்தது. அதுவும் வெள்ளை, அதுவும் வாதுமை. ஆக, இரண்டு நாட்டுக் குழந்தைகள் கைவேலை வகுப்பில் உட்கார்ந்து, வண்ணத்தாளை ஒட்டியபடி, ஆசிரியர் திரும்பிய நேரம் பசையை விரலில் தொட்டு முகர்ந்தும், துணிந்தவர்கள் நக்கியும் வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்த குழந்தை சம்பாதித்து, கடைக்குப் போய், பெருந்தொகை கொடுத்து ஹீலியோட்ரோபின் சென்ட் வாங்கி மணிக்கட்டில் பூசியதும் கிடைப்பது என்ன? இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் சிக்கல். சின்சினாட்டியில் சோப்பு வணிகர் குடும்பம் ஒன்று சுவர்த்தாளின் கரியைத் துடைக்க ஒருவகை மாவு விற்றுவந்தது. வீடுகளில் நிலக்கரி அடுப்பு போனதும் அந்த மாவு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. அதிலிருந்த சோப்புச் சரக்கை எடுத்துவிட்டு, நிறமும் வாதுமை மணமும் சேர்த்து, 1956இல் குழந்தைகள் பிசைந்து விளையாடும் பொம்மை மாவாக விற்றார்கள். அதுதான் பிளே-டோ. 2006இல் அதன் ஐம்பதாம் ஆண்டுக்கு டிமீட்டர் நிறுவனம் அதே மணத்தில் சென்டே போட்டது. 2018இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அந்த மணத்தை அமெரிக்காவில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. பதிவு ஆவணத்தில் இனிப்பு, லேசான கஸ்தூரி, வனிலா, செர்ரிச் சாயல், உப்பிட்ட கோதுமை மாவு என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். சென்ட் விமர்சகர்கள் பத்தி பத்தியாக எழுதித் தீராததை ஒரு வழக்கறிஞர் அலுவலகம் ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிட்டது. விமர்சகர்கள் இதை இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது கேள்வி: இந்த மணம் சென்டா, பசையா? இதில் மூன்று தரிசனங்கள் உண்டு.

அத்துவைதிகள் சொல்வது: பசையும் சென்டும் ஒன்றே. இரண்டாகத் தோன்றுவது விலைச்சீட்டு என்னும் மாயையால். விலைச்சீட்டைக் கிழித்தவன் ஞானி, மணத்தைக் கொண்டு விலையைத் திரும்பக் கேட்டவன் முமுட்சு.

துவைதிகள் சொல்வது: சென்ட் வேறு, பசை வேறு. இந்தப் பேதம் நித்தியம். பிரமாணம் கேட்டால், சென்டைத் தடவிக் கவரை ஒட்டிப் பார்க்கச் சொல்வார்கள்.

விசிட்டாத்துவைதிகள் சமாதானமாகப் பேசுவார்கள்: பசை உடல், மணம் உயிர், இரண்டும் பிரியாமல் நிற்கும். இவர்களுக்குள் ஒரு கிளைச் சண்டை உண்டு, அது அடுத்த இயலில். மூன்றையும் சமரசப்படுத்த நான்காவது கட்சி ஒன்று தோன்றியதாகத் தெரிகிறது. அதற்கு உறுப்பினர்கள் இல்லை, செயற்குழு மட்டும் இருக்கிறது.

இந்த மதச்சண்டை முழுவதையும் தமிழன் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். காரணம் எளிது. இவன் வளர்ந்தது வாதுமைப் பசையில் அல்ல. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்ட பசையில். அவசரத்துக்குச் சோற்றுப் பருக்கையே கவரை ஒட்டும். ஆகவே ஹீலியோட்ரோபின் பட்டதும் இவனுக்குக் கைவேலை வகுப்பு நினைவுக்கு வருவதில்லை. டால்க் டப்பா நினைவுக்கு வரும். செர்ரி சாயல் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் இருமல் மருந்து வரும் (மேற்படி அத்தை, காபிக்குப் பின் திருத்திய பதிப்பு). "ஏண்டா, உடம்பு சரியில்லையா?" என்ற அத்தையின் கேள்வி, நாற்பது மில்லி பாட்டிலின் விலை தெரிந்தவர்களுக்கு நெஞ்சில் தைக்கும் விமர்சனம்.

இதற்கு எதிர்க்கருத்தும் உண்டு. இருமல் மருந்தல்ல, பேக்கரி கேக்கே என்கிறது இன்னொரு மரபு (ஷேர் ஆட்டோ ஓட்டுநர், 'பின்சீட்டு மணங்கள்', இரண்டாம் தொகுதி, சிவப்பு விளக்கு எரிந்த இடைவெளியில் உரைத்தது, மறுப்புக்குக் காண்க: நடுவில் நெருக்கி உட்கார்ந்த பயணி, அச்சேறாத பெருமூச்சு). இரண்டுமல்ல, கல்யாணத்துக்குப் போய் வந்து பீரோவில் வைத்த பட்டுப்புடவையின் வாசனை என்பது மூன்றாவது பாடம் (மாடி வீட்டு மாமி, 'கைப்பிடிச்சுவர் உரை', பொழிப்பும் அகலமும் நுட்பமும் சேர்ந்தது, துணி காயப்போடும் நேரத்தில் அருளியது, சுவடி கிடைக்கவில்லை, மாமி கிடைக்கிறார்). ஆய்வாளர் மூன்றாம் பாடத்தையே ஏற்கிறார். மாடி வீட்டு மாமியோடு முரண்பட்டவர்கள் மொட்டைமாடியில் கொடி கட்ட இடம் பெற்றதில்லை.

பூசுதகவு: சூத்திரமும் உரையும்

வாதுமை மணமே வருமுன் போகும்
பவுடர் மணமே போனபின் வரூஉம்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோவெனின், பூசிய சென்ட் எப்போது எதை மணக்கும் என்பது உணர்த்துதல் நுதலிற்று.

இதன் பொருள்: பென்சால்டிகைடு 179 பாகை செல்சியஸில் கொதிப்பது. ஹீலியோட்ரோபின் கொதிக்க 263 பாகை வேண்டும். கூமரினுக்கு 300ஐ ஒட்டி. முன்னது சட்டென்று ஆவியாகும், பின்னவை தோலிலேயே தங்கும். அதனால் கடைக்காரர் காகிதப் பட்டையில் அடித்து நீட்டியதும் மூக்கைத் தாக்குவது கசப்பு வாதுமை. வாங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தபின் மிஞ்சுவது பவுடர். காகிதத்தில் பிடித்ததற்காகக் காசு கொடுத்தவர் வேறொன்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு டிபன் சாப்பிட்டுவிட்டு, மறுபடி முகர்ந்து பார்த்து வாங்குவதே முறை. 'வரூஉம்' என்ற அளபெடை, பவுடர் மணம் நெடுநேரம் நிற்றலைக் குறிப்பால் உணர்த்தியது. இதை இன்னிசை நிறைக்க வந்த வெற்றளபெடை என்பாரும் உளர். அவர் சென்ட் பூசாதவர்.

இனி அந்தக் கிளைச் சண்டை. மணம் தோலைப் பற்றிக்கொள்கிறதா, தோல் மணத்தைப் பற்றிக்கொள்கிறதா? வடகலையார் குரங்குக் குட்டியைக் காட்டுவார்கள். குட்டிதான் தாயை இறுகப் பிடிக்க வேண்டும். அதுபோல, சென்ட் நல்ல சரக்காக இருந்தால் எந்தத் தோலிலும் பிடித்துக்கொள்ளும். தென்கலையார் பூனைக் குட்டியைக் காட்டுவார்கள். தாயே கவ்விக்கொண்டு போகும். அதுபோல, எண்ணெய்ப்பசையுள்ள தோல் மலிவுச் சென்டையும் கைவிடாது. வறண்ட தோல் 'லெர் ப்ளூ'வையும் மதியத்துக்குள் கைவிடும். அனுபவம் தென்கலைக்கே சாதகம். வறண்ட தோலுள்ள வடகலையார் மட்டும், பூசுமுன் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொண்டு கொள்கையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

வெப்பம் பற்றிய நுட்பம் ஒன்று. ஹீலியோட்ரோபின் வெள்ளைப் படிகம். அது உருகுவது சுமார் 37 பாகையில், அதாவது மனித உடம்பின் சூட்டில். பாரிஸில் இதைக் கவித்துவமாகச் சொல்லலாம். சென்னையில் சொல்ல முடியாது. அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 தாண்டும்போது, படிகம் யார் தோலுக்காகவும் காத்திராமல் டின்னிலேயே உருகி நிற்கும். சென்ட் சாராயத்தில் கரைந்து வருவதால் பாட்டிலுக்கு இதனால் கெடுதியில்லை. ஆனால் சூட்டில் ஆவியாவது வேகமாகும். பாரிஸ் டிசம்பரில் ஆறு மணிநேரத்துக்குப் பரவ வேண்டிய இனிப்பு, மாநகரப் பேருந்தில் இருந்த இடத்திலேயே மொத்தமாக எழும். வியர்வையும் கூடினால் பக்கத்து சீட்டு காலியாகும். இதைச் சிலர் பயன் என்றே கருதுகிறார்கள்.

துணியில் அடித்தால் தோலைவிட நீண்டநேரம் நிற்கும். ஆனால் இவ்வகைச் சென்டுகளில் வனிலின் உண்டு. அது நாள்பட நாள்படப் பழுப்பேறும். வெள்ளை வேட்டியில் அடித்தவர் அடுத்த முகூர்த்தத்துக்குள் அதைக் கண்டுகொள்வார். தலைப்பில் கண்ட 'துவைத்தும் போகாமை' இங்கே நிறுவப்பட்டது.

மல்லிகைப்பூவோடு சேருமா? சேராது. மல்லிகை தானே ஒரு கச்சேரி. பக்கத்தில் வனிலாவும் வாதுமையும் உட்கார்ந்தால் மூன்று பேர் மூன்று சுருதி. தலையில் பூ வைத்த நாளில் பாட்டில் பீரோவிலேயே இருக்கட்டும்.

மூக்கு மரத்துப்போவது கடைசி நுட்பம். பூசியவர் மூக்கு சிறிது நேரத்தில் அந்த மணத்துக்குப் பழகி அதைக் கணக்கில் எடுக்காது. "போய்விட்டதே" என்று அவர் மறுபடி அடிப்பார். போகவில்லை. அறையிலுள்ள மற்றவர்கள் சாட்சி. சங்கோசத்தால் அவர்கள் வாய் திறப்பதில்லை. சங்கோசமில்லாத அத்தைகள் எல்லா அலுவலகத்திலும் கிடைப்பதில்லை.

முடிபு

வாங்குவதென்றால் முதலில் 'ஆன்ஃப்யூசியோன் தமாந்த்'. அது யாரையும் தொந்தரவு செய்யாது. 'ஹிப்னாட்டிக் பாய்சன்' மார்கழிக்கும் ஏசி போட்ட மண்டபத்துக்கும் மட்டும். சித்திரை வைகாசியில் அதைத் தொட வேண்டாம். 'ஆப்ரே லோந்தே' கிடைத்தால் யாருக்கும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் சட்டைக்குள் நெஞ்சில் ஒரே ஒரு அழுத்து. லிஃப்டுக்குள் நுழையுமுன் இரண்டாவது அழுத்து அழுத்தும் எண்ணமுள்ளவர்கள், பிறர் நலன் கருதி, தயவுசெய்து படிக்கட்டில் போகவும்.